பட்டு, பாசி, பலபடி

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் செய்த ஒரு தவறைச் சொல்லித் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் பலபடிகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டேன். ஒருபுறம் இயற்கை: பட்டு, பருத்தி, கம்பளி. மறுபுறம் செயற்கை: நைலான், பாலியெஸ்டர், பாலித்தீன். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். "இயற்கை நல்லது, செயற்கை கெட்டது" என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி. சரி என்று தலையாட்டினேன்.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். பட்டுக்குச் சாயம் போடும் குடும்பத்துப் பிள்ளை. "சார், பட்டு வந்தபடியே நல்லா இருக்காது. பசையோட மொரமொரன்னு இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேக வெச்சாத்தான் பட்டு மாதிரி ஆகும்" என்றான். மணி அடித்துவிட்டது. "உட்காருப்பா, அது வேற" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அது வேறல்ல. அன்றைய பாடத்தின் உயிர்நாடியே அவன் சொன்னதுதான். அந்தக் கடனை இன்று உங்கள் முன் தீர்க்கப் பார்க்கிறேன்.

பட்டுப்புழு நூற்கும் இழையில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே ஃபைப்ராயின், இதுதான் வலிமை தரும் இழை. அதைச் சுற்றி செரிசின் என்னும் பசை. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான். வேக வைக்கும்போது அது கரைந்து போகிறது. பளபளப்பும் மென்மையும் வெளிப்படுகின்றன. அறுவை சிகிச்சையில் பட்டு நூலால் தையல் போடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பசை நீக்காத பட்டு சிலருடைய உடலில் ஒவ்வாமையை உண்டாக்கியதால், பசை நீக்கிய நூலையே மருத்துவர்கள் நாடினார்கள். இயற்கையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு பொருளை உடல் ஏற்றுக்கொள்வதில்லை.

இனி ஹைட்ரோஜெல்லுக்கு வருவோம். பெயர்தான் புதிது. சப்ஜா விதையை நீரில் போட்டால் அதைச் சுற்றி வழவழப்பான உறை உருவாகிறதே, அது ஒரு ஹைட்ரோஜெல். ஊறிய பாதாம் பிசினும், கடற்பாசி இனிப்பும் அப்படித்தான். நீண்ட பலபடிச் சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. நீரை விரும்பும் தொகுதிகள் அச்சங்கிலிகளில் இருப்பதால் வலை நீரை இழுத்துப் பிடிக்கிறது. பிணைப்புகள் இருப்பதால் நீரில் கரைந்து போவதில்லை. நம் உடலின் மென்திசுக்களும் பெரும்பாலும் நீர் நிறைந்த வலைகள்தாம். அதனால்தான் மருத்துவம் இப்பொருளை நாடுகிறது.

1960இல் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லேயும் திரகோஸ்லாவ் லிம்மும் உடலுக்குள் பயன்படுத்தத் தக்க செயற்கை ஜெல் ஒன்றை அறிவித்தனர். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே தம் வீட்டு மேசையிலேயே, பிள்ளைகளின் கட்டுமான விளையாட்டுப் பொருள்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஒரு கருவி அமைத்து, மென்மையான கான்டாக்ட் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். ஆய்வகம் இல்லையே என்று வருந்தும் நமக்கு இது நல்ல செய்தி.

இயற்கைப் பலபடிகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. கொலாஜன், ஜெலாட்டின் போன்றவற்றில் செல்கள் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. உடலின் நொதிகள் அவற்றைச் சிதைத்து அகற்றுகின்றன. ஆனால் தனியே வலுவில்லை. ஜெலாட்டின் ஜெல்லி வாயில் வைத்தவுடன் கரைகிறது. உடல் வெப்பமே அதை உருக்கப் போதும். மேலும், ஒரு தொகுதியைப் போல அடுத்த தொகுதி இருப்பதில்லை. செயற்கைப் பலபடிகளிலோ வலிமையையும் துளைகளின் அளவையும் சிதையும் வேகத்தையும் நாம் தீர்மானிக்கலாம். ஆனால் அவற்றில் பலவற்றில் செல்கள் ஒட்டுவதில்லை.

ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யுமா? காஞ்சிபுரத்துக்காரர்களிடம் இதைக் கேட்கவே வேண்டாம். சரிகையைப் பாருங்கள். பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுகிறார்கள். வெறும் வெள்ளிக் கம்பியைத் தறியில் நெய்வது கடினம். வெறும் நூல் மின்னாது. இரண்டும் சேர்ந்தால்தான் சரிகை.

இதே முறையில் பிறந்ததுதான் தீக்காயத்துக்கான ஜெல் கட்டு. 1980களில் போலந்து விஞ்ஞானி யானுஸ் ரோசியாக் இதை உருவாக்கினார். பாலிவினைல் பைரோலிடோன், பாலிஎத்திலீன் கிளைகால் என்ற செயற்கைப் பலபடிகளுடன் அகார் சேர்த்து, சூடான கரைசலாக அச்சில் ஊற்றுவார்கள், பெரும்பகுதி நீர்தான். ஆறியதும் அகார் உறைந்து வடிவம் தருகிறது. உறையிட்டு மூடி, எலக்ட்ரான் கதிர் பாய்ச்சினால் செயற்கைச் சங்கிலிகள் பிணைந்து வலு தருகின்றன. கிருமிகளும் அதே கதிரில் அழிகின்றன. இந்தக் கட்டு காயத்தைக் குளிர்விக்கும், ஈரம் காக்கும், உரிக்கும்போது புண்ணோடு ஒட்டாது. கண்ணாடி போல இருப்பதால் பிரிக்காமலே புண்ணைப் பார்க்கலாம். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பாலிவினைல் ஆல்கஹாலைக் கொண்டு, கதிர்வீச்சு முறையில் இத்தகைய ஜெல்லை உருவாக்கியுள்ளது.

அந்த அகார் எங்கிருந்து வருகிறது? ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் வருகிறது. அவர்களே சேகரிக்கும் கட்டக்கோரையில் இருப்பது ஆல்ஜினேட். 2012இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆல்ஜினேட்டையும் பாலிஅக்ரிலமைடையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி, தன் நீளத்தைப் போல 20 மடங்குக்கு மேல் இழுபடும் ஜெல்லைச் செய்தார்கள். இழுக்கும்போது ஆல்ஜினேட்டின் கால்சியம் பிணைப்புகள் முதலில் அவிழ்ந்து விசையைத் தாங்கிக்கொள்கின்றன; மற்ற வலை அறுபடாமல் நிற்கிறது.

நம் ஊர்ப் பசைக்கும் இதில் இடம் உண்டு. வேக வைத்த தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும் செரிசினைத் தூய்மையாக்கி, காயக் கட்டுகளுக்குப் பயன்படுத்த ஆய்வுகள் நடக்கின்றன. செரிசின் மட்டும் காய்ந்தால் நொறுங்கும். பாலிவினைல் ஆல்கஹால் சேர்த்தால் வளைந்து கொடுக்கும். ஒவ்வாமைக்குக் காரணம் என்று ஒதுக்கப்பட்ட பொருளே, தூய்மையும் துணையும் கிடைத்தால் மருந்தாகக்கூடும். இவற்றில் பல இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

வகுப்பில் செய்ய இரண்டு சோதனைகள். முதலாவது, புதிய டயப்பரைப் பிரித்து உள்ளிருக்கும் தூளில் ஒரு சிறு கரண்டி எடுத்து, வடிநீரை மெல்ல ஊற்றுங்கள். தூள் உப்பி ஜெல்லாகும். பிறகு உப்பைத் தூவிக் கிளறுங்கள். ஜெல் தளர்ந்து நீர் பிரியும். நம் உடல் திரவமும் உப்புக் கரைசல்தான். அப்படியானால் காயத்துக்கான ஜெல்லை எந்த நீரில் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்வார்கள். தூளை முகர விடாதீர்கள், கழிவுநீர்க் குழாயில் கொட்டாதீர்கள். இரண்டாவது, அகார் கட்டி ஒன்றையும் ஜெலாட்டின் கட்டி ஒன்றையும் வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். ஜெலாட்டின் உருகும், அகார் நிற்கும். அந்த அகாரையே விரலால் வளைத்தால் உடையும். இரண்டுக்கும் துணை தேவை என்பது கண்ணெதிரே தெரியும்.

கூடவே ஒரு வார்த்தை. தீக்காயம் பட்டால் பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம்; 20 நிமிடம் குழாய் நீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்காதீர்கள்.

இப்போதும் கரும்பலகையில் அந்தக் கோட்டைப் போடுகிறேன். ஆனால் கேள்வியை மாற்றிவிட்டேன். "எது நல்லது?" என்று கேட்பதில்லை, "எந்த வேலைக்கு, எதோடு சேர்ந்தால் நல்லது?" என்று கேட்கிறேன். முதலில் பின்வரிசையைப் பார்த்துத்தான் கேட்கிறேன். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் நமக்குத் தெரியாத வேதியியல் இருக்கிறது. மணி அடித்தாலும் ஒரு நிமிடம் நின்று கேட்போம்.