சட்டைப் பையில் ஓர் அளவுகோல்

பட்டிமன்றத் தலைப்பு: ஆங்கிலம் கைவரப் பெரிதும் துணை நிற்பது பேச்சுப் பழக்கமா? இலக்கணப் பயிற்சியா?

(‘இலக்கணப் பயிற்சியே’ என்ற அணியில் மூன்றாவதாக ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! நான் எப்போது ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகச் சொல்வேன் என்று பென்சிலோடு காத்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்திலும், வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா ரொம்ப அழகாகப் பேசினார்கள். ஔவைப் பாட்டியையே துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார்கள். “மொழி என்பது நாக்குப் பழக்கம், பாட்டியே சொல்லிவிட்டாள், இலக்கணப் புத்தகத்தை மூடு, வாயைத் திற” என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, பாட்டி பாடியது ஒரு வரி மட்டுமா? நாக்குப் பழக்கம் என்று அவள் சொன்னது செந்தமிழை, நம்ம தாய்மொழியை. அதே வெண்பாவில் இன்னும் கொஞ்சம் போனால், கல்வியைக் கொண்டுபோய் மனசின் பழக்கத்தில் சேர்த்திருக்கிறாள். தாய்மொழிக்கு நாக்கு, கற்கிற கல்விக்கு மனசு. ஆங்கிலம் நமக்குத் தாய்ப்பாலா, கல்வியா? அம்மா, நீங்க பாட்டியைப் பாதி வழியிலேயே இறக்கி விட்டுட்டு வந்துட்டீங்க. நான் அவங்களைக் கையோட கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்! (பலத்த கைதட்டல்)

அடுத்து ஒண்ணு கேட்டாங்க. “குழந்தை என்ன நன்னூல் படிச்சிட்டா அம்மான்னு கூப்பிடுது?”ன்னு. நியாயமான கேள்வி. அந்தக் குழந்தையோட வசதியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கண் முழிச்சதுலேருந்து தூங்குற வரைக்கும் அம்மா பேசுறா, பாட்டி பேசுறா, அத்தை பேசுறா. ஒரே வார்த்தையை நூறு தடவை சலிக்காமச் சொல்றாங்க. குழந்தைக்கு வேற வேலையும் கிடையாது, ஷிப்டும் கிடையாது. தப்பாப் பேசினா முத்தம் வேற கிடைக்குது! (சிரிப்பு) பெரியவன் தப்பாப் பேசினா யார் சார் முத்தம் கொடுக்கிறாங்க?

நான் ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறவன். எங்க ஊர்க் கதையைச் சொல்றேன். காலையில எங்க மின்சார ரயில் பட்டாபிராம், ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம்னு ஆளை அள்ளிக்கிட்டும் இறக்கிக்கிட்டும் போகும். 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் ‘விஜயந்தா’ டாங்கி வெளியே வந்தது. எங்கெங்கேயோ இருந்து பிழைப்புத் தேடி வந்தவங்க இங்கேயே வீடு கட்டி உட்கார்ந்தாங்க. அந்தத் தலைமுறைக்குக் கை பேசினாப் போதும். இன்னைக்கு அவங்க பிள்ளைகளுக்கு அது போதலை. மெஷினோட படமும் இங்கிலீஷ்ல, மெயிலும் இங்கிலீஷ்ல, இன்டர்வியூவும் இங்கிலீஷ்ல.

அந்தப் பிள்ளைகிட்ட போய், “பேசு தம்பி, பேசப் பேச வந்துடும்”னு நீங்க சொல்றீங்க. சரி, யாரோட பேசுவான்? அப்பாவோட பேசுவானா? பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோட பேசுவானா? அவங்க பயந்துபோய் மந்திரிக்கக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க! (சிரிப்பு) நடுவர் அவர்களே, பேச்சுப் பழக்கத்துக்கு ரெண்டு பேர் வேணும். இலக்கணப் பயிற்சிக்கு ஒருத்தர் போதும். வீட்டில் இங்கிலீஷ் புழங்குறவனுக்குப் பழக்கம் தானா வரும். அந்தக் கொடுப்பினை இல்லாதவனுக்கு ஒரு பழைய புத்தகக் கடை ரென் அண்ட் மார்ட்டின்தான் துணை. இலக்கணம் வறட்டுச் சரக்குன்னு ஒருத்தர் சொன்னார். அந்த ரென் யார் தெரியுமா? பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்று உலகம் பூரா ஓடின ஒரு சாகச நாவலை எழுதினவரும் அவர்தான். கதை சொல்லத் தெரிஞ்ச மனுஷன்தான் சார் நமக்கு இலக்கணமும் சொன்னார்! (கைதட்டல்)

“அதெல்லாம் சரி, நாள் முழுக்கக் காதில் விழுந்தால் மொழி வராதா?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். அதற்குப் பதில் இதே சென்னையில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அவன் பங்களாவில் சமையற்காரராக, பட்லராக வேலை பார்த்தவர்கள் நம்ம ஆட்கள். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் துரை இங்கிலீஷ், துரைசாணி இங்கிலீஷ். நீங்க கேட்கிற பேச்சுப் பழக்கம் அவங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்தது. வந்தது என்ன? ‘பட்லர் இங்கிலீஷ்’. யூல், பர்னல் என்ற இரண்டு பேர் தொகுத்து 1886-ல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில், சென்னை மாகாணத்து வேலைக்காரர்கள் பேசுகிற மொழி என்று அதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ‘சொல்லுவேன்’ என்பதற்கு ‘ஐ டெல்லிங்’. ‘சொல்லிவிட்டேன்’ என்பதற்கு ‘ஐ டன் டெல்’. ‘வந்தாச்சு’ என்பதற்கு ‘டன் கம்’.

இதைச் சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு ஒரு மொழியைக் கட்டியவர்கள் புத்திசாலிகள். கொடுமை எங்கே இருக்கிறது தெரியுமா? துரையும் அவர்களிடம் அதே உடைந்த இங்கிலீஷில்தான் பேசினான். அந்த அகராதியே அதைச் சொல்கிறது. எதைக் கேட்டார்களோ அதுதானே வரும்? ஆயுசு பூரா இங்கிலீஷ் பேசியும் அந்தப் பேச்சு சமையல்கட்டைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து இலக்கணம் படித்தவன் கச்சேரியில் குமாஸ்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தான். பழக்கம் அடுப்பங்கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. இலக்கணம் வாசலைத் திறந்துவிட்டது! (பலத்த கைதட்டல்)

இது பழைய கதை என்பீர்கள். புதுக்கதை ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் நாலஞ்சு பேர் என் வீட்டுக்கு இங்கிலீஷ் படிக்க வருவாங்க. அதில் ஒரு பையன் இங்கிலீஷ் படமாப் பார்ப்பான். உச்சரிப்பு பிரமாதமா இருக்கும். என்கிட்ட வர்றதுக்கு முன்னால ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போயிருக்கான். அதிகாரி கேட்டாராம், “யூ டோன்ட் ஹேவ் எனி ப்ராப்ளம் வித் நைட் ஷிப்ட்?” ராத்திரி ஷிப்டுக்கு வர்றதுல உனக்குப் பிரச்சினை ஒண்ணும் இல்லையேன்னு அர்த்தம். இவன் சந்தோஷமா, “யெஸ் சார், யெஸ் சார்!” (சிரிப்பு)

நீங்க சிரிக்கிறீங்க. அவன் என்ன தப்பாச் சொன்னான்? “ஆமாம் சார், பிரச்சினை இல்லை”ன்னு சுத்தமான தமிழைத்தான் இங்கிலீஷ்ல சொன்னான். தமிழ்ல ‘ஆமாம்’னா கேட்டவர் சொன்னதுக்கு நாம கொடுக்கிற சம்மதம். இங்கிலீஷ்ல ‘யெஸ்’னா காரியம் உண்டு, ‘நோ’ன்னா காரியம் இல்லை. பிரச்சினை இல்லைன்னா ‘நோ சார்’னுதான் சொல்லணும். அதிகாரி காதில் விழுந்தது, “ஆமாம், எனக்குப் பிரச்சினை இருக்கு.” அடுத்த பையனைக் கூப்பிட்டுட்டார். இவன் நாக்குல குறை இல்லை, தைரியத்துல குறை இல்லை. ஒரே ஒரு விதி தெரியலை. எந்தச் சினிமா சார் அதைச் சொல்லிக் கொடுக்கும்?

இன்னொரு இடம் பாருங்க. ‘ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன்’னு தமிழ்ல நிகழ்காலத்திலேயே சொல்லிடலாம். இங்கிலீஷ்ல ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்’னா அந்த வேலையை விட்டாச்சுன்னு அர்த்தம். ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’னா இன்னும் இருக்கேன்னு அர்த்தம். ஒரு சின்ன ‘ஹேவ்’. அதில் ஒருத்தன் வேலையில் இருக்கானா இல்லையான்னே மாறிப் போகுது.

ஏன் இப்படி ஆகுது? ரெண்டு மொழியோட கட்டுமானமே வேற. ‘நாய் மனிதனைக் கடித்தது’, ‘மனிதனை நாய் கடித்தது’. எப்படி மாத்திப் போட்டாலும் தமிழ்ல கடிச்சது நாய்தான். ‘ஐ’ங்கிற உருபு அடையாள அட்டை மாதிரி. ஆள் எங்கே உட்கார்ந்தாலும் யாருன்னு தெரிஞ்சுடும். இங்கிலீஷ் அப்படி இல்லை, ரிசர்வேஷன் டிக்கெட். சீட் மாறினா ஆளே மாறிடும். நாயையும் மனுஷனையும் இடம் மாத்திப் பாருங்க, மனுஷன் நாயைக் கடிச்சுடுவான்! (சிரிப்பு, கைதட்டல்) இந்த வித்தியாசத்தைக் காதால கேட்டுக் கேட்டுப் பிடிக்கப் பத்து வருஷம் ஆகும். இலக்கணம் பத்து நிமிஷத்தில் காட்டிக் கொடுக்கும்.

எங்க அம்பத்தூர்க்காரங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்றேன். லேத் பட்டறையில் துளை போட்டதும் என்ன பண்ணுவாங்க? கோ, நோ-கோ கேஜ் வைச்சுப் பார்ப்பாங்க. ‘கோ’ பக்கம் துளைக்குள்ளே போகணும். ‘நோ-கோ’ பக்கம் போகக் கூடாது. போச்சுன்னா பீஸ் ரிஜெக்ட். இன்ஸ்பெக்டர் வந்து சொல்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். செஞ்சவனுக்கே தெரியும், சரியா தப்பான்னு. சார், இலக்கணம்தான் அந்தக் கேஜ். ‘டிட்’ வந்தா அடுத்த வினைச்சொல் காலம் காட்டக் கூடாது. ‘டிட் நாட் வென்ட்’, நோ-கோ! ‘டிட் நாட் கோ’, கோ! (நீண்ட கைதட்டல்)

இங்கிலீஷ் பேச நம்ம பிள்ளைகளுக்கு ஏன் பயம்? தப்பு வந்துடும்ங்கிற பயம் இல்லை. வந்தது தப்பா சரியான்னே தெரியாதுங்கிற பயம். எதிரே இருக்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அவன் உதட்டோரம் சிரிச்சா வாய் கட்டிப் போகுது. பூந்தமல்லியிலிருந்து வர்ற ஒரு பொண்ணு, ஒரு மெயில் எழுதினாக்கூடப் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்புமாம். அவரும் திருத்துவார், கூடவே நாலு பேர் கேட்க ஒரு கேலி பண்ணுவார். இப்ப அந்தப் பொண்ணு தானே பார்த்துத் தானே அனுப்புது. கேஜ் அது பையில இருக்கு.

“பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் இலக்கணம் படிக்கிறானே, ஏன் வரலை?”ன்னு கேட்டீங்க. அங்கே நடக்கிறது பயிற்சியே இல்லை சார். ‘ராமா கில்ட் ராவணா’, ‘ராவணா வாஸ் கில்ட் பை ராமா’. வருஷா வருஷம் ராவணனைத் திருப்பிப் போட்டுக் கொல்றோம், மார்க் வாங்குறோம். (சிரிப்பு) 1950-களின் கடைசியில் நம்ம சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ‘மெட்ராஸ் ஸ்னோபால்’னு பேர். பனிப்பந்து உருள உருளப் பெரிசாகிற மாதிரி, கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடுத்து, அவங்க அடுத்தவங்களுக்குக் கொடுத்து, ஆங்கிலம் கற்பிக்கிற 27,000 ஆசிரியர்களை எட்டணும்னு திட்டம். அதன் முறை என்ன? வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினம் வரைக்கும் வரிசைப்படுத்தி, ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகுவது. எதிரணியினர் சொல்வார்கள், “பார்த்தீங்களா, வாய்விட்டுச் சொல்லச் சொன்னாங்க!” சொன்னாங்க ஐயா. எதைச் சொல்லச் சொன்னாங்க? முன்கூட்டியே வரிசை கட்டி வைத்த இலக்கண அமைப்பை! உங்க வண்டி ஓடுறதே எங்க தண்டவாளத்து மேலதான்! (கைதட்டல்)

எங்க ஞாயிற்றுக்கிழமைப் பாடமும் அதே வழிதான். வாரம் ஒரே ஒரு விதி. அதை வைத்துத் தன் வீட்டைப் பற்றியே தினம் பத்து வாக்கியம். ‘மை மதர் ஹேஸ் கான் டு தி ரேஷன் ஷாப்’னா அம்மா போயிருக்காங்க, இன்னும் வரலை. ‘ஹேஸ் பீன்’னா போயிட்டு வந்தாச்சு. ஆவடியில் ரயில் ஏறி, மனசுக்குள்ளேயே சொல்லிக்கிட்டுப் பட்டரவாக்கத்தில் இறங்கலாம். காசு வேண்டாம், துணை வேண்டாம், யார் சிரிப்பாங்கன்னு பயமும் வேண்டாம்.

நடுவர் அய்யா மணியில் கை வைத்துவிட்டார்கள். முடித்துக்கொள்கிறேன். பேச்சுப் பழக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அது கிடைக்கிறவர்கள் பாக்கியசாலிகள், நல்லாப் பேசட்டும். ஆனால் அது பிறந்த வீட்டைப் பொறுத்தது, பழகுகிற கூட்டத்தைப் பொறுத்தது. நாம் நினைத்தால் வாங்கிவிட முடியாது. இலக்கணப் பயிற்சியை எந்த வீட்டுப் பிள்ளையும் ஒரு பழைய புத்தகத்தையும் அரை மணி நேரத்தையும் வைத்துத் தானே சம்பாதித்துக்கொள்ளலாம். ஆகவே, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் எட்டுகிற துணை எதுவோ அதுவே பெரிய துணை, அது இலக்கணப் பயிற்சியே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)