நின்றுபோன தொடரும் ரசிகர் நம்பிக்கையும்



வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துப் பழகியவர்களுக்குத் 'தொடரும்' என்ற சொல்லின் வல்லமை தெரியும். அச்சொல்லை நம்பியே அடுத்த இதழுக்காகக் காத்திருக்கிறோம். இதழ் வந்ததும் பிரித்துப் பார்த்தால் கதை இல்லை. இனி வரவும் வராது என்று தெரிகிறது. அப்போது வாசகர் என்ன செய்வார்? பலர் மறந்துவிடுவர். சிலர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவர். மிகச் சிலரோ, அக்கதை வேறொரு வடிவிலேனும் வந்தே தீரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இடையில் நிறுத்தப்பட்ட இரண்டு விஞ்ஞானக் கதைத் தொடர்களுக்காக அவ்வாறு காத்திருந்தவர்களின் வரலாற்றையும், அக்காத்திருப்பினால் அவர்கள் பெற்றது யாது என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்நாட்டின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரும்பாலும் விளம்பர வருமானத்தைக் கொண்டே நடைபெற்றன. ஒரு தொடரை எத்தனை வீடுகளில் பார்க்கின்றனர் என்று மாதிரிக் கணக்கு எடுப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் விளம்பர வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் தொடர் நிற்கும். பார்ப்பவர் ஏதோ பொழுதுபோக்காகப் பார்த்தாரா, உள்ளம் ஒன்றிப் பார்த்தாரா என்பதை அந்தக் கணக்கு கேட்பதில்லை. பத்து வீடுகளின் அலட்சியமும் பத்து வீடுகளின் அன்பும் அதற்கு ஒன்றே. ரசிகர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையே எழுந்த வழக்கின் வேர் இதுதான்.

முதல் தொடரின் பெயர் 'ஸ்டார் டிரெக்'. ஜீன் ராடன்பெரி என்பவர் படைத்த இத்தொடரை 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி என்.பி.ஸி. நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கியது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் 'என்டர்பிரைஸ்' என்னும் விண்கலத்தில் விண்மீன்களிடையே சுற்றித் திரிவோரின் கதை அது. அக்கலத்தில் அமெரிக்கர் இருந்தனர். ஆப்பிரிக்க இனப் பெண்மணி ஒருவர் அதிகாரியாக இருந்தார். ஆசிய இனத்தவர் கலத்தைச் செலுத்தினார். பின்னர் ரஷ்யர் ஒருவரும் வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் நிறவேற்றுமைப் போராட்டம் தெருவில் நடந்துகொண்டிருந்த காலம். ரஷ்யாவோடு பனிப்போர் மூண்டிருந்த காலம். அத்தகைய காலத்தில், மனித குலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளாமல் ஒன்றுபட்டு வாழும் என்று சொன்ன கதையைச் சிலர் உயிராய் நேசித்ததில் வியப்பில்லை.

இரண்டாம் ஆண்டிலேயே தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தது. பீஜோ டிரிம்பிள் என்ற ரசிகையும் அவர் கணவர் ஜானும் ஒரு கடித இயக்கத்தைத் தொடங்கினர். ஒவ்வொருவரும் தாம் எழுதுவதோடு பத்துப் பேரை எழுதத் தூண்ட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த வழி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் நிறுவனத்தில் குவிந்தன. 1968 ஜனவரியில் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் நிறுவனத்தின் வாயிலுக்கே ஊர்வலமாகச் சென்றனர். அவ்வாண்டு மார்ச் 1ஆம் தேதி, தொடர் மூன்றாம் ஆண்டும் நடைபெறும் என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தார்கள்.

ஆனால் அந்த வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு 10 மணி தொடருக்கு ஒதுக்கப்பட்டது. இளைஞர்கள் வீட்டில் தங்காத நேரம் அது. செலவுத் தொகையும் குறைக்கப்பட்டது. 79 பகுதிகளோடு 1969 ஜூன் 3ஆம் தேதி தொடர் முடிவுற்றது.

இனித்தான் வியப்பான பகுதி வருகிறது. நின்றுபோன தொடரை உள்ளூர் நிலையங்கள் குறைந்த விலைக்கு வாங்கி, மாலை வேளைகளில் மறுபடி மறுபடி ஒளிபரப்பின. முதல் முறை தவறவிட்டவர்கள் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர் மாநாடு ஒன்று கூடியது. சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1976இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் தன் முதல் விண்ணோடத்துக்குக் 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயரிட எண்ணியிருந்தது. ரசிகர்கள் ஜனாதிபதி போர்டுக்குக் கடிதமாரி பொழிந்தனர். விண்ணோடம் 'என்டர்பிரைஸ்' ஆயிற்று. அது சோதனைகளுக்கே பயன்பட்டது, விண்வெளிக்குச் சென்றதில்லை. ஆயினும் கதையில் வந்த ஒரு பெயர் அரசாங்கக் கலத்தின் மேல் எழுதப்பட்டது சிறிய செய்தியன்று.

சினிமாப் படமோ 1979 டிசம்பர் 7ஆம் தேதிதான் வந்தது. ராபர்ட் வைஸ் இயக்கினார். நம் நாட்டவர்க்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டு. 1965இல் இந்திய அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பம்பாய் நடிகை பெர்சிஸ் கம்பாட்டா, தலையை மழித்துக்கொண்டு அதில் முக்கிய வேடம் ஏற்றார். படத்துக்கு 4 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. உலகெங்கும் 13 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று.

இதை ரசிகர்களின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிடலாகாது. பாரமவுண்ட் நிறுவனம் இடையில் திட்டமிட்டது புதிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றையே. 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' வசூலில் வரலாறு படைத்த பின்னரே விண்வெளிக் கதைக்குத் திரையரங்கில் கூட்டம் வரும் என்ற துணிவு முதலாளிகளுக்குப் பிறந்தது. ரசிகர்கள் விளக்கை அணையாமல் காத்தார்கள். எண்ணெய் வேறோர் இடத்திலிருந்து வந்தது.

வந்த படத்தைக் கண்டு மகிழ்ந்தோர் பலர், ஏமாந்தவர்களும் உண்டு. மெதுவாகச் செல்கிறது, தந்திரக் காட்சிகளே மிகுதி, பழைய நண்பர்களின் பேச்சும் சிரிப்பும் எங்கே என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இக்குறை புதிதாகத் தோன்றவில்லை. ஒரு மொழியில் இயல்பாய் அமைந்தது மறுமொழியில் அப்படியே அமைவதில்லை. எதை விடுவது, எதைக் காப்பது என்று ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தொடரைச் சினிமாவாக்குவதும் ஒருவகை மொழிபெயர்ப்பே. தொடரில் வாரந்தோறும் பழகிப் பழகி நட்பு வளர்கிறது. அவசரமில்லாத சிறு பேச்சுக்கு அங்கே இடம் உண்டு. சினிமாவுக்கு உள்ளது இரண்டு மணி நேரம். முன்கதை அறியாதவரும் காசு கொடுத்து வருவர். அவருக்கும் விளங்க வேண்டும். ஆகவே நிகழ்ச்சி பெருகுகிறது; பழக்கம் சுருங்குகிறது.

1982இல் வந்த இரண்டாம் படம் இதை உணர்ந்து எடுக்கப்பட்டது என்றே சொல்லலாம். மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அப்படம், 1967இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் வந்த கான் என்ற பாத்திரத்தை மீண்டும் கொண்டுவந்தது. முதுமையும் நட்பும் இழப்புமே அதன் பொருள். ரசிகர்கள் தாம் தொலைத்ததை அதில் கண்டார்கள். பழைய நடிகர்களை வைத்தே 1991 வரை ஆறு படங்கள் வந்தன.

இரண்டாவது தொடரின் கதி வேறு. ஜாஸ் வீடன் படைத்த 'ஃபயர்ஃப்ளை' 2002 செப்டம்பரில் ஃபாக்ஸ் நிறுவனத்தில் தொடங்கியது. உள்நாட்டுப் போரில் தோற்றவர்கள் ஒரு பழைய விண்கலத்தில் பிழைப்பு நடத்தும் கதை. கதையின் தொடக்கப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளி, பகுதிகளை முறைமாற்றி ஒளிபரப்பினார்கள். இவர் யார், அவர் யார் என்று பார்ப்பவருக்கு விளங்கவில்லை. எடுத்தவை 14, ஆண்டு முடிவதற்குள் நிறுத்தியபோது 11 மட்டுமே ஒளிபரப்பாகியிருந்தன.

இதன் ரசிகர்கள் கதையில் தோற்ற படையினரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டு, 'பழுப்பு மேலங்கியினர்' என்று பொருள்படும் பெயரால் ஒன்றுகூடினர். 2003 டிசம்பரில் தொடர் குறுந்தகடாக வெளிவந்தபோது வாங்கிக் குவித்தனர்; நண்பர்களுக்கும் பரிசளித்தனர். அன்புக்கு அப்போதுதான் ஓர் எண்ணிக்கை கிடைத்தது. அதைக் கண்ட யூனிவர்சல் நிறுவனம் படமெடுக்க இசைந்தது. 2005 செப்டம்பர் 30ஆம் தேதி 'ஸெரினிடி' வெளியாயிற்று. ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவு. திரையரங்க வசூலும் ஏறத்தாழ அவ்வளவே. அரங்க உரிமையாளர்களின் பங்கு போக, இலாபத்துக்கு இடமில்லை. அடுத்த படம் வரவில்லை. கதையில் தொங்கி நின்ற முடிச்சுகள் சில அவிழ்ந்தன. ஒன்பது பேரில் இருவர் உயிரிழந்தனர். தொடர் நின்றபோது ரசிகர் மனத்தில் உயிரோடிருந்தவர்களைப் படம் மாய்த்துவிட்டது. கேட்டதைப் பெறுவதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

அப்படியானால் காத்திருந்தது வீணா? அவ்வாறு கொள்ள வேண்டுவதில்லை. அந்த ரசிகர்கள் 2006 முதல் பல ஊர்களில் அப்படத்தைத் திரையிட்டு, திரண்ட பணத்தைப் பெண்கள் உரிமைக்குப் பாடுபடும் அமைப்புக்கு அளித்தார்கள். 2007இல் விண்வெளி வீரர் ஸ்டீவன் ஸ்வான்ஸன் அத்தொடரின் குறுந்தகட்டைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே எடுத்துச் சென்றார்.

கதைக்குச் சட்டப்படி உரியவர் முதலாளி. அதில் மாற்றமில்லை. ஆனால் அதை நினைவில் வைத்திருப்பவர் ரசிகர். நினைவு வைத்திருப்போர் தனித்தனியே ஏங்கியிருந்தால் எந்தக் கதவும் திறந்திராது. கடிதம் எழுதினார்கள், கூடினார்கள், தம் எண்ணிக்கையைக் காட்டினார்கள். படம் வந்ததும் வராததும் பிறர் கையில் இருந்தன. தாம் நேசித்ததைப் பிறருக்கு அறிமுகப்படுத்துவது அவர்கள் கையில் இருந்தது. அதை அவர்கள் குறைவறச் செய்தார்கள். நாம் விரும்பும் நல்ல நூலோ, நாடகமோ, இசையோ ஆதரவின்றி நிற்கும்போது நமக்கும் செய்யத்தக்கது அதுவே.