ஒஹாயோவின் மஞ்சள் நம்பர் பிளேட்



அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சாலைகளில் எப்போதாவது ஒரு கார் கண்ணில் படும். நம்பர் பிளேட் மஞ்சள், எழுத்துகள் சிவப்பு. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவரின் கார் அது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஊரார் அதற்கு 'பார்ட்டி பிளேட்' என்று கேலிப்பெயரே வைத்துவிட்டார்கள்.

தண்டனை பெற்றவர் கையில் ஸ்டியரிங் எப்படி வந்தது? முதல் முறை சிக்கினாலே லைசென்ஸை ஓராண்டுக்குக் குறையாமல் முடக்கிவிடுவார்கள். வழக்கமாக முதல் 15 நாள் பேச்சுக்கே இடமில்லை. அதற்கப்புறம் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிபதி இசைந்தால், எந்தெந்தக் கிழமை, எந்த நேரத்தில், எதற்காக ஓட்டலாம் என்று உத்தரவில் எழுதித் தருவார். வேலை, படிப்பு, மருத்துவம், நீதிமன்றமே போகச் சொன்ன சிகிச்சை, இப்படி. அந்தத் தாள் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி பீட்சா வாங்கப் போய் மாட்டினால், முடக்கிய லைசென்ஸோடு வண்டி ஓட்டியதாகப் புதிதாக ஒரு வழக்கு.

குடித்து ஓட்டியவருக்கு இந்தச் சலுகை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அங்கே பல ஊர்களில் பஸ் என்பதே கிடையாது. கார் இல்லையென்றால் வேலை போய்விடும், வீட்டு வாடகை நின்றுவிடும். அதனால் லைசென்ஸ் போன பிறகும் பலர் இன்சூரன்ஸ்கூட இல்லாமல் திருட்டுத்தனமாக ஓட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதைவிடக் கண் பார்வையில் ஓடட்டும் என்பதுதான் கணக்கு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

அந்தக் கண், காருக்குள்ளேயே பொருத்தும் ஒரு கருவி. கைக்கு அடக்கமானது, சுருள் வயரில் தொங்கும். அதில் ஊதினால்தான் எஞ்சின் உயிர்பெறும். மூச்சில் மதுவின் அளவு வரம்பைத் தாண்டினால் கார் அசையாது. நண்பனை ஊதச் சொல்லிக் கிளப்பிவிடலாமே என்கிறீர்களா? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒலி எழுப்பி, மறுபடி ஊது என்று கேட்கும். பல கருவிகளில் கேமராவும் உண்டு. காலையில் மவுத்வாஷ் கொப்பளித்துவிட்டு உடனே ஊதினாலும் சிலசமயம் மாட்டிக்கொள்வார்கள். வாயைக் கழுவிவிட்டுச் சற்றுப் பொறுத்து ஊத வேண்டும்! கருவிக்கான செலவு ஓட்டுநர் தலையில்தான். கையில் காசில்லாதவர்களுக்கு உதவ அரசு நிதி வைத்திருக்கிறது.

கருவி காரில் இருக்கும் வரை, மீண்டும் குடித்து ஓட்டிப் பிடிபடுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைகிறது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். கழற்றிய பிறகு அந்தப் பலன் நிலைப்பதில்லை. அதனால்தான் கருவியோடு சிகிச்சையும் வேண்டும் என்கிறார்கள்.

மஞ்சள் பிளேட் விஷயத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது இருந்தால் அங்கே குற்றம். நம் நாட்டில் 30 தாண்டினாலே குற்றம். ஒஹாயோவில் அது 170-ஐத் தொட்டாலோ, இரண்டாம் முறை பிடிபட்டாலோ, சலுகையோடு மஞ்சள் பிளேட்டும் கட்டாயம் என்று 2004-இல் விதித்தார்கள். பிளேட் மாட்டுவது காரில்; அந்தக் காரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவள் மனைவி. குடித்தவன் ஒருவன், அவமானம் குடும்பத்துக்கே. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் முறைப்பதால் ஒருவர் பாட்டிலைக் கீழே வைத்துவிடுவாரா?

2017-இல் வந்த சட்டம் கருவியின் பக்கம் சாய்ந்தது. முதல் முறை தவறியவர் கருவியைப் பொருத்திக்கொள்ளச் சம்மதித்தால், நேரக் கட்டுப்பாடே இல்லாமல் ஓட்ட நீதிபதி அனுமதிக்கலாம். சிறைத்தண்டனையும் நிறுத்திவைக்கப்படும். ஆனால் அவர் குடித்ததைக் கருவி காட்டிக்கொடுத்தால், நிறுத்திவைத்த சிறையும் திரும்பலாம், லைசென்ஸ் முடக்கமும் இரட்டிப்பாகலாம். அந்தச் சட்டம் வந்த பிறகும், இரண்டாம் முறை சிக்கியவர் வண்டியில் மஞ்சள் பிளேட் போகவில்லை.