இணையவழித் தேர்வும் நம் இளைஞரின் நேர்மையும்
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் மாலை நேரப் பயிற்சி வகுப்பு ஒரு கரும்பலகையோடும் இரண்டு பெஞ்சுகளோடும் தொடங்கியது. இன்று அதே வகுப்பு நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள்ளும் நடக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வகுப்பை மூட மனமில்லாமல், மூடில் என்னும் கற்றல் தளத்தை அமைத்தோம். 2002 முதல் உலகெங்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள் அது. அதில் வாரந்தோறும் வினாத்தாள் ஒன்றை வைத்து வருகிறோம். அத்தேர்வுகளில் பார்த்தெழுதுவதைத் தடுப்பது எப்படி என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட தலைப்பு.

விழா மேடையில் இக்குறையைப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்டனர். பேசத்தான் வேண்டும். வெள்ளி விழா என்பது மாலை சூடிக்கொள்ளும் நாள் மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் நாளுமாகும்.

எங்கள் தவறிலிருந்து தொடங்குகிறோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது வினாக்கள் கொண்ட தேர்வு ஒன்றை வைத்தோம். முப்பத்தொரு பேர் எழுதினர். அவர்களுள் இருபத்தாறு பேர் இருபதுக்கு இருபது! நாங்கள் பூரித்துப் போனோம். அவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தோம்.

மறுநாள் மாலை ஒரு மாணவி வந்தாள். அவள் பெற்ற மதிப்பெண் பத்தொன்பது. ஆகவே பலகையில் அவள் பெயர் இல்லை. “ஐயா, மகத் குளத்துப் போராட்டம் 1927இல்தானே நடந்தது? கணினி அதைத் தவறு என்கிறதே!” என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தோம். பிழை எங்களுடையது. 1927 என்று குறிக்க வேண்டிய இடத்தில், நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கிய 1930ஐச் சரியான விடையாகக் குறித்துவிட்டோம். அப்படியானால் முழு மதிப்பெண் பெற்ற இருபத்தாறு பேரும் 1930 என்ற தவறான விடையையே குறித்திருந்தனர் என்றாகிறது!

எப்படி நடந்தது என்று விசாரித்தோம். விடைகளைச் சமர்ப்பித்தவுடனேயே சரியான விடைப்பட்டியல் திரையில் தோன்றும்படி அமைத்திருந்தோம். ஒருவரே இருமுறை எழுதவும் இடம் தந்திருந்தோம். முதலில் முடித்த ஒருவர் அத்திரையைப் படமெடுத்து வாட்சப் குழுவில் போட, மற்றவர்கள் அப்படியே குறித்துவிட்டனர். அண்ணல் அம்பேத்கர் மகத் குளத்து நீரை அள்ளிப் பருகிய ஆண்டை நம் பிள்ளைகள் அறிந்திருந்தும், தம் அறிவை நம்பாமல் அடுத்தவர் அனுப்பிய படத்தை நம்பினர். அறிந்ததை நம்பி எழுதிய ஒரே பெண்ணை நாங்கள் பலகையிலிருந்து விட்டுவிட்டோம்.

அடுத்த மாதம் அதே பாடப்பகுதியில் காகிதத் தேர்வு வைத்தோம். அந்த இருபத்தாறு பேரில் பதினைந்து பேர் பத்தைத் தாண்டவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இதுவோ ஏட்டில்கூட நாமே எழுதாத சுரைக்காய்.

நமக்கு இது ஏன் பெரிது?

குரூப் 4 தேர்வுக் கூடத்தில் மூன்று மணி நேரத்தில் இருநூறு வினாக்களுக்கு விடை குறிக்க வேண்டும். அங்கே வாட்சப் குழு வராது. வாரத் தேர்வில் பெறும் பொய் மதிப்பெண், மாணவருக்குத் தம் குறையை மறைக்கிறது, ஆசிரியருக்கும் மறைக்கிறது. எந்தப் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்பது தெரியாமலே போகிறது. மருத்துவரிடம் காய்ச்சலை மறைத்த நோயாளியின் நிலைதான் அது.

இன்னொன்றும் உண்டு. நம்மில் ஒருவன் வேலை பெற்றால், “சலுகையில் வந்தவன்” என்று சொல்ல நாக்குகள் காத்துக்கிடக்கின்றன. அந்தப் பழிச்சொல் பொய் என்பதை நாம் அறிவோம். அப்பொய்க்குச் சான்று தேடுவோர் கையில் நாமே ஒரு சான்றைக் கொடுக்கலாமா? அண்ணல் இலண்டனில் அளித்த ரூபாய் பற்றிய ஆய்வேட்டை, 1923இல் தேர்வாளர்கள் திருத்தி எழுதும்படி திருப்பினர். அவர் சோர்ந்துவிடவில்லை, பம்பாய்க்குத் திரும்பி, மீண்டும் உழைத்து எழுதி அனுப்பிப் பட்டம் பெற்றார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும் 1946இல் சித்தார்த்தா கல்லூரியையும் அவர் நிறுவியது, இத்தகைய உழைப்பு நம் பிள்ளைகளுக்கும் வாய்க்க வேண்டும் என்பதற்காகவே.

தேர்வைச் செம்மையாக அமைப்பது எப்படி?

களவு நடந்த வீட்டில் திருடனைத் தேடுமுன் கதவைப் பார்க்க வேண்டும். எங்கள் கதவு திறந்து கிடந்தது. அதைச் சீர்செய்த முறைகளைக் கூறுகிறோம். மற்ற சங்கத்தாருக்கும் அவை பயன்படலாம்.

முதலாவது, விடைகளைக் காட்டும் நேரம். தேர்வு அனைவருக்கும் முடிந்து பூட்டப்பட்ட பின்னரே சரியான விடைகள் தெரியுமாறு இப்போது அமைத்துள்ளோம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டாவது, வினா வங்கி. பத்து வினாக்கள் கேட்க வேண்டுமானால் நாற்பது வினாக்களை எழுதி வைக்கிறோம். கணினி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பத்தை எடுத்துக் கொடுக்கும். அப்போது எந்த இருவருக்கும் பொதுவாக வருவன சராசரியாக இரண்டு மூன்று வினாக்களே. விடைகளின் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறுவதால், “மூன்றாவதற்கு ஆ” என்று செய்தி அனுப்பிப் பயனில்லை.

மூன்றாவது, எண்கள் மாறும் கணக்குகள். மகளிர் குழு ஒன்று வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு என்பது வினா. ஒருவருக்குக் கடன் 24,000 ரூபாய். மற்றவருக்கு 36,000 ரூபாய். விடையைக் கேட்டுப் பயனில்லாதபோது வழியைக் கேட்பார்கள். வழியைக் கேட்பது களவன்று, அதுவே கல்வி.

நான்காவது, வினாவின் தன்மை. “பூனா ஒப்பந்தம் எந்த ஆண்டு?” என்று கேட்டால் கைப்பேசி ஒரு நொடியில் 1932 என்று சொல்லிவிடும். “வகுப்புவாரித் தீர்ப்பு தந்தது 71 இடங்கள், பூனா ஒப்பந்தம் தந்தது 148 இடங்கள். எண்ணிக்கை கூடியும் நாம் இழந்தது யாது?” என்று கேட்டால், தனித் தொகுதி, இரட்டை வாக்குரிமை என்பனவற்றை எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

ஆனால் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின் இத்தகைய வினாக்களுக்கும் கருவியே கட்டுரை எழுதித் தருகிறது. ஆகவே ஐந்தாவதாக, வாய்மொழித் தேர்வைச் சேர்த்தோம். வாரத்தில் நால்வரை அழைத்து, “நீ எழுதியதை உன் சொற்களில் சொல்” என்று இரண்டு நிமிடம் பேசவைக்கிறோம். யார் முறை எப்போது வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. வேறெந்த ஏற்பாட்டைவிடவும் இது பயன் தருகிறது.

ஆறாவது, மதிப்பெண்ணின் எடை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பாருங்கள். பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாரப் பயிற்சிகளுள் சிறந்த எட்டை மட்டும் எடுத்து 25 விழுக்காடு தருகிறார்கள். மீதி 75 விழுக்காடு, மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கே. நாங்களும் அவ்வழியைப் பின்பற்றுகிறோம். ஒரு வாரம் தவறினால் வாழ்வே போய்விடும் என்ற அச்சம் இல்லாதபோது, பார்த்தெழுதும் ஆசையும் குறைகிறது. நேரக் கட்டுப்பாட்டையும் அளவோடு வைக்க வேண்டும். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் தெருவில் வாழும் பிள்ளைக்கு, மிகக் குறுகிய நேரம் நேர்மையைத் தராது, தோல்வியைத்தான் தரும்.

கண்காணிப்பு என்னும் மருந்து

கேமரா வழியே முகத்தைக் கண்காணிக்கும் மென்பொருளை வாங்கலாமே என்று சிலர் கூறினர். நாங்கள் வேண்டாமென்று முடிவு செய்தோம். காரணத்தைச் சொல்ல வேண்டும்.

2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை பிழை! ஆம்ஸ்டர்டாமில் கறுப்பின மாணவி ஒருவர், தேர்வுக் கண்காணிப்பு மென்பொருள் தம் முகத்தைக் காண்பதற்காக விளக்கை முகத்தில் பாய்ச்சி அமர வேண்டியிருந்தது என்று 2022இல் முறையிட்டார். நிறமே காரணம் என்பது அவ்வழக்கில் நிறுவப்படவில்லை என்று 2023இல் முடிவாயிற்று. எனினும் இது நாம் கேட்டே தீர வேண்டிய கேள்வி.

கருவி எழுதியதைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் மென்பொருள்களும் அப்படியே. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் தாமே எழுதிய கட்டுரைகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை கருவியின் எழுத்தென்று குற்றஞ்சாட்டியதை 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே, தன் கண்டறியும் கருவி போதிய துல்லியம் இல்லாதது என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. தேர்வின்போது வேறு பக்கங்களைத் திறக்கவிடாத சேஃப் எக்ஸாம் பிரவுசர் என்னும் மென்பொருள் நல்லதே. ஆனால் அது விண்டோஸ் கணினிகளுக்கும் ஆப்பிள் கருவிகளுக்கும் உரியது. ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டுமே உள்ள நம் வீடுகளுக்கு அது எவ்வாறு உதவும்? நம் சங்கக் கணினி அறையில் மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம்.

மேலும் ஒன்று. ஓரறை வீட்டில் தாய் சமைக்க, தம்பி அழ, பாட்டி இரும, மகள் தேர்வு எழுதுகிறாள். அங்கே கேமராவைத் திருப்பி, “பின்னால் யார் அசைவது?” என்று கேட்பது வறுமையைக் குற்றமாக்குவதாகும்.

விசாரணை இல்லாத தண்டனை கூடாது

இதில் நாங்கள் செய்த இரண்டாவது தவற்றையும் சொல்லிவிடுகிறோம். முதல் தவற்றுக்குப் பின் எங்கள் கண்ணில் சந்தேகம் குடியேறிவிட்டது. அண்ணனும் தங்கையும் ஒரே இணைப்பிலிருந்து, ஒரே கைப்பேசியில், அடுத்தடுத்து எழுதியதைக் கண்டு, இருவரின் மதிப்பெண்ணையும் கேட்காமலே நீக்கினோம். அவ்வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி என்பதைப் பிறகே அறிந்தோம். தங்கை மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. நாங்கள் அவர்கள் வீட்டுக்குச் சென்று, அவள் தந்தையார் முன்னிலையில் வருத்தம் தெரிவித்து, அவளை அழைத்து வந்தோம்.

கேட்காமலே குற்றவாளியாக்கப்படுவதன் வலி நம் முன்னோருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதே தீங்கை நாமே நம் பிள்ளைக்குச் செய்யலாமா? ஆகவே மூன்று விதிகளை ஏற்படுத்தினோம். கணினி காட்டும் குறிப்பு சந்தேகமே தவிர, சான்றன்று. எவரையும் நேரில் கேட்காமல் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. தவறு உறுதியானாலும் பெயரைப் பலகையில் எழுதுவதில்லை. அப்பாடத்தை மீண்டும் படித்து, மீண்டும் எழுத வேண்டும், அவ்வளவே.

இளைஞர்களே!

எந்தப் பூட்டும் முழுக் காவலன்று. இரண்டாவது கைப்பேசி எங்கும் கிடைக்கும். நீங்கள் தனியே அமர்ந்து எழுதும் அந்த அறையில் ஆசிரியர் இல்லை, சங்கம் இல்லை, நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள். அங்கே பன்னிரண்டு மதிப்பெண் எடுத்தால் பன்னிரண்டு என்றே எங்களிடம் கொண்டு வாருங்கள். மீதி எட்டை நாம் சேர்ந்து படிப்போம். அதற்காகவே இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வைத்திருக்கிறது. நண்பன் விடை கேட்டால் மறுக்காதீர்கள். தேர்வு முடிந்தபின் அவன் வீட்டுக்குச் சென்று சொல்லிக் கொடுங்கள். அதுவே அவனுக்குச் செய்யும் உதவி.

அன்று பத்தொன்பது மதிப்பெண் பெற்ற அந்த மாணவியின் பெயரை மறுநாளே பலகையின் உச்சியில் எழுதினோம். மற்ற இருபத்தாறு பெயர்களையும் அழித்துவிட்டோம். அவர்களுள் பலர் பின்னர் உழைத்து, தம் பெயரைத் தாமே அப்பலகையில் திரும்ப எழுதிக்கொண்டனர். அவர்களில் சிலர் இன்று இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார்கள். இந்த வெள்ளி விழாவில் எங்களுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

 ஜெய் பீம்!