குடிவழி காணும் நெறி



குடும்ப வரலாற்றை ஆவணங்களின் துணைகொண்டு ஆராய்வதற்கென்றே திருச்சிராப்பள்ளியில் கூடியிருக்கும் இம்மாநாட்டுக்குத் தலைமை தாங்குகிறேன். மன்னர்களின் வமிசாவளியை நாம் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறோம்; சோழர், பாண்டியர், போசளர், நாயக்கர் ஆகியோருள் யாருக்குப் பின் யார் பட்டமெய்தினார் என்பது இன்று பள்ளி மாணவனுக்கும் பாடமாகிவிட்டது. ஆனால் அம்மன்னர்களுக்கு வரி கொடுத்தும், அவர்கள் எழுப்பிய கோபுரங்களின் கீழே கைங்கரியம் செய்தும், காவிரிப் பாய்ச்சல் நிலங்களில் நாற்று நட்டும் வாழ்ந்த குடும்பங்களின் வழிமுறை இன்னும் பெரும்பாலும் செவிவழிச் செய்தியாகவே நிற்கிறது. அதனைப் பிரமாணத்தோடு கூடிய சரித்திரமாக்குவது எவ்வாறு என்பதே இன்று நம் முன்னுள்ள வினா.

இந்நகரிலிருந்து வடக்கே காவிரிப் பாலத்தைக் கடந்தால் அம்மா மண்டபப் படித்துறை வருகிறது. அமாவாசைதோறும் அப்படித்துறையில் அமர்ந்து எள்ளும் நீரும் இறைக்கின்ற கிருகஸ்தர்கள், பிதா, பிதாமகர், பிரபிதாமகர் என்று தந்தை வழியில் மூன்று தலைமுறையையும், தாய், பாட்டி, பாட்டனைப் பெற்றவள் என்று மாதர் மூவரையும், கோத்திரத்தோடும் பெயரோடும் கூறுகிறார்கள். குடிவழி ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் கிடைக்கும் முதற்சான்று இதுவே என்று நான் கருதுகிறேன். ஏனெனில், பெருமைக்காக அன்றிக் கடமைக்காக நினைவில் வைக்கப்பட்ட பெயர்கள் அவை. ஆயினும் மூன்று தலைமுறை என்பது ஏறக்குறைய நூறாண்டுக் காலம். அதற்கு அப்பால் செல்ல விரும்புகிறவனுக்கு நினைவு துணைவருவதில்லை. காகிதமும் ஏடும் செம்பும் கல்லும் வேண்டியிருக்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வாராய்ச்சி எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சற்று நோக்குதல் நமக்குப் பிரயோஜனமாகும். அங்கே 1790-ஆம் ஆண்டு முதற்கொண்டு பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கப்பட்டு வருகிறது. தொடக்கத்தில் வீட்டுத் தலைவன் பெயர் ஒன்றே எழுதப்பட்டு, ஏனையோர் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். 1850-இல்தான் சுதந்திர மனிதர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரோடும் வயதோடும் ஏட்டில் ஏறினார்கள். அதே ஆண்டில் அடிமைகளுக்கெனத் தனிப்பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டு, உடைமையாளன் பெயரின் கீழே அவர்களுடைய வயதும் பாலும் நிறமும் மட்டுமே குறிக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அம்மக்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயர் பெற்றார்கள். 1890-ஆம் ஆண்டின் ஏடுகளோ 1921-இல் நேர்ந்த தீவிபத்தினால் பெரும்பாலும் அழிந்துபோயின. அந்த இருபதாண்டு இடைவெளியை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மாவட்ட நீதிமன்றங்களின் உயில்களையும், சொத்துப் பிரிவினை வழக்குகளையும், அநாதைச் சிறுவர்களுக்குக் கார்டியன் நியமித்த உத்தரவுகளையும் கொண்டு இட்டு நிரப்பி வருகிறார்கள். குடிக்கணக்கு ஒரு குடும்பத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லும்; அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறையினர், யாருக்கு யார் வாரிசு என்பதை நீதிமன்ற ஆவணமே தெளிவிக்கும்.

நம் நிலைமை வேறு. சென்னை மாகாணத்தில் 1871-இலும், இந்தியா முழுவதிலும் ஒரே நாளில் 1881-இலும் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. வீடுவீடாகச் சென்று கணக்கர்கள் எழுதிய ஏடுகள் கூட்டல் முடிந்ததும் கழிக்கப்பட்டன. தொகையும் சாதிவாரிப் பட்டியலுமே அச்சேறி எஞ்சின. 1948-ஆம் ஆண்டுச் சட்டமோ, குடிக்கணக்கு ஏட்டைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் இல்லை என்றும், அது சாட்சியமாக ஏற்கப்படமாட்டாது என்றும் விதித்துவிட்டது. ஆகவே அமெரிக்கர் முதற்படியாகக் கொண்ட ஏணியின் அந்தப் படியே நமக்கு இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர் இவ்வகையில் நம்மினும் பாக்கியசாலிகள். ஒல்லாந்தர் ஆட்சியில் நிலத்தையும் அதனை ஆண்டவர்களின் குடும்பத்தாரையும் சேர்த்துப் பதிந்த தோம்புகள் அவர்களுக்கு உண்டு.

குடிக்கணக்கின் இடத்தை நமக்கு நிரப்பக்கூடியது நிலக்கணக்கு. 1858-இல் ஏற்படுத்தப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகள் இப்போது சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வோர் இனாம் நிலத்துக்கும் அதைக் கொடுத்த அரசர், முதலிற் பெற்றவர், இடைக்காலத்துக் கணக்குகளில் யார் பெயரில் நின்றது, அப்போது அனுபவிப்பவர் யார், அவருடைய வயது என்ன, முதலிற் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்றெல்லாம் பத்தி பத்தியாக வினவி எழுதியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கம் தீவிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் கோயிலையும் வேதத்தையும் மடத்தையும் முன்னிட்டு மானியம் பெற்ற குடும்பங்கள் பல. அவற்றின் சந்ததி வரிசையை இதைப்போல ஒரே இடத்தில் காட்டும் ஏடு வேறு இல்லை.

இனி நீதிமன்ற ஆவணங்களுக்கு வருகிறேன். இந்நகரத்து நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றித் தம் உத்தியோக வாழ்வைத் தொடங்கியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862-இல் அவர் வெளியிட்டார். ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியராக மட்டுமே அவரைப் போற்றுகிற நாம், வழக்குக் கட்டுகளின் அருமையை அறிந்த முதல் தமிழறிஞர்களுள் ஒருவராகவும் அவரைப் போற்றவேண்டும் என்பது என் கருத்து.

ஒரு வழக்கு குடும்ப வரலாற்றை எத்துணை ஆழமாகத் தோண்டி எடுக்கும் என்பதற்குச் சிவகங்கை ஜமீன் வழக்கே போதுமான உதாரணம். 1801-இல் கும்பினியாரால் ஜமீன்தாராக நியமிக்கப்பெற்ற கௌரி வல்லப பெரிய உடையத் தேவர் 1829-இல் ஆண் சந்ததியின்றிக் காலமானார். அவருடைய சகோதரர் ஒய்யாத் தேவரின் மக்கள் ஒருபுறமும், கௌரி வல்லபருடைய மனைவியரும் மகளிரும் மற்றொருபுறமுமாக நின்று முப்பதாண்டுக்கு மேல் நடத்திய விவகாரம், 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. குடும்பம் பிரியாததாக இருந்தபோதிலும், ஜமீன் கௌரி வல்லபரின் சுயார்ஜிதமாகையால், அது மனைவியருக்கும் மகளுக்குமே செல்லும் என்பது தீர்ப்பு. இந்து சட்டம் பயில்வோர் இதனை ஒரு முன்மாதிரித் தீர்ப்பாகப் படிக்கிறார்கள். நான் இதில் காண்பது வேறொன்று. வமிசாவளிகளில் ‘இவருக்கு மகன் இவர், இவருக்கு மகன் இவர்’ என்று ஆண்களின் பெயர்களே வரிசையாக நிற்க, மனைவியரும் மகளிரும் சுவடின்றி மறைந்துபோகிறார்கள். நீதிமன்றத்திலோ அவர்கள் வாதிகளாகவும் பிரதிவாதிகளாகவும் தங்கள் பெயரோடும், மணமான வரிசையோடும், பெற்ற மக்களோடும் நம் கண்முன் வந்து நிற்கிறார்கள். தமிழ்ப் பெண்களின் குடிவழியை எழுத முற்படுகிறவன் தத்து வழக்குகளையும் ஜீவனாம்ச வழக்குகளையுமே முதலிற் படிக்கக் கடவான்.

வழக்கிலே பொய் கலவாதோ என்று நீங்கள் வினவலாம். கலக்கும்; தாராளமாகக் கலக்கும். ஆனால் ஒரு தரப்பார் வரைந்த வமிசவிருட்சத்தை மறுதரப்பார் கிளைகிளையாக அறுக்க முயல்வதும், ஊர்ப் புரோகிதரும் கணக்குப்பிள்ளையும் வயது முதிர்ந்த மாதரும் குறுக்கு விசாரணைக்கு உட்படுவதும் நீதிமன்றத்தில் மட்டுமே நிகழ்வன. இரு தரப்பாரும் மறுக்காமல் ஒப்புக்கொண்ட உறவைப்போல உறுதியான சான்று சரித்திரத்தில் அரிது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, உறவுமுறையைப் பற்றி இறந்துபோன ஒருவர் கூறிய வார்த்தையை, விவாதம் எழுவதற்கு முன்னே கூறப்பட்டதாயின் மட்டுமே ஏற்கலாம் என்று விதித்தது. 2024 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் இக்கோட்பாடு நிலைபெற்றிருக்கிறது. குடிவழி ஆராய்கிறவனும் கைக்கொள்ள வேண்டிய விதி இது. சொத்துக்கோ மரியாதைக்கோ போட்டி எழுந்த பின் எழுதப்பட்ட வமிசாவளியை ஒரு தட்டிலும், வேறெதற்காகவோ அதற்கு முன்னே எழுதப்பட்ட பத்திரத்தை மற்றொரு தட்டிலும் வைத்துப் பார்த்தால், சிறு கிரயச் சீட்டாக இருந்தாலும் பின்னதே கனத்து நிற்கும்.

ஆண்டுக்குறிப்பினால் விளையும் மயக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும் வருஷப் பெயர் பாட்டன் காலத்தையும் பேரன் காலத்தையும் ஒன்றாகக் காட்டிவிடும். சகாப்தமோ பசலியோ உடன் இருந்தாலொழிய அதனை நம்பலாகாது. இதனினும் கொடிய மயக்கம் பெயரினால் வருவது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் குலவழக்கம். ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் நூற்றாண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். ஸ்ரீரங்கத்துக் கருடவாகனரைப் பாருங்கள். ‘திவ்யசூரி சரித’த்தை இயற்றிய கருடவாகன பண்டிதர் ராமாநுஜரின் காலத்தவர் என்பது சம்பிரதாயம். போசள வீர ராமநாதனின் காலத்தில், 1257-இல், தண்டநாயகன் ஒருவன் கோயிலில் ஏற்படுத்திய ஆரோக்கியசாலை கருடவாகன பண்டிதர் ஒருவரிடம் ஒப்புவிக்கப்பட்டதாகக் கல்வெட்டுக் கூறுகிறது. 1493-இல் அவ்வாரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரி சந்நிதியையும் அமைத்தவர் ஸ்ரீநிவாசர் என்கிற கருடவாகன பட்டர். மருத்துவத்தைக் குலத்தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பம் தன் பெயரையும் தொண்டையும் விடாமல் காத்துவந்த அழகு இது. அதே சமயத்தில், நூலாசிரியர் இவர்களுள் எவர் என்று அறிஞர்கள் இன்றளவும் விவாதிப்பதற்குக் காரணமும் இதுவே. பெயர் ஒன்றாயிருப்பது மனிதர் ஒருவரே என்பதற்குச் சான்றாகாது. தந்தை பெயர், கோத்திரம், தொழில், நிலத்தின் நான்கெல்லை ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்தாலன்றி ஒருவரை மற்றொருவரோடு பொருத்தத் துணியலாகாது.

பெரியாழ்வாரின் சந்ததியென்று தம்மைக் கூறிக்கொள்ளும் ஸ்ரீரங்கத்து உத்தமநம்பி குடும்பத்தாரின் வரலாறும் இங்கே சிந்திக்கத் தக்கது. இரண்டாம் தேவராயரின் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில், உத்தமநம்பியும் அவர் சகோதரர் சக்கரராயரும் விசயநகரத்தின் ஆதரவைப் பெற்றுக் கோயிலுக்குச் செய்த பணிகளை அக்கோயிலின் வரலாற்று ஏடாகிய கோயிலொழுகு விரித்துரைக்கிறது. அக்காலம் முதல் கல்லும் செம்பும் துணைநிற்கின்றன. ஆழ்வாருக்கும் அவர்களுக்கும் இடையிலோ ஏறக்குறைய இருபது தலைமுறைகள் கிடக்கின்றன. நடுவே, 1323-இல் டில்லிப் படையெடுப்பினால் பெருமாளே ஊரைவிட்டு நீங்கி, 1371-இல்தான் திரும்பி எழுந்தருளினார். கோயிற் கணக்குகளும் குடும்ப ஏடுகளும் அந்த அரை நூற்றாண்டில் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சம் பதறுகிறது. சம்பிரதாயத்தைப் பொய்யென்று தள்ளுவது ஆராய்ச்சியாளனின் வேலையன்று. அதைக் கல்வெட்டோடு கலந்து ஒரே வரிசையாக எழுதுவதும் அவன் வேலையன்று. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதி வைப்பதே நேர்மை. 1982-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இருபத்துநான்காம் தொகுதியாக ஸ்ரீரங்கக் கல்வெட்டுகள் அச்சேறிவிட்டமையால், அந்த இரண்டாம் பத்தியை நிரப்புவதற்கு இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

இதுகாறும் நிலமும் மரியாதையும் பெற்ற குடும்பங்களைப் பற்றியே பேசினேன். இவ்வயல்களை உழுத பண்ணையாட்களின் சந்ததியை எங்கே தேடுவது? 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் அங்கீகரிக்கலாகாது என்று விதிக்கும்வரையில், அவர்கள் கிரயச் சீட்டுகளில் நிலத்தோடு சேர்த்து எழுதப்பட்டவர்கள். இனாம் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை, வழக்காடுவதற்குச் சொத்துமில்லை. ஆனால் அவர்களைப் போன்ற ஏழை மக்களுள் கடல் கடந்து போனவர்களுக்கு ஆவணம் உண்டு. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்தது முதல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் ஆகியவை கப்பல் ஏடுகளில் பதியப்பட்டன. மொரீஷியஸ் தீவில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையம் அத்தீவின் குடியேற்ற ஏடுகளைப் பேணி வருகிறது. ஊரைவிட்டுப் போனவனின் பேரர்கள் தம் மூதாதையின் கிராமத்தை அறிவார்கள். ஊரிலேயே தங்கி உழைத்தவனின் பேரர்களுக்கு அந்தப் பேறும் இல்லை. ஸ்வார்ட்ஸ் பாதிரியார் 1762-இல் இங்கு வந்தது தொட்டு வளர்ந்த கிறிஸ்தவ சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், குற்றவியல் நீதிமன்றங்களின் பழைய கட்டுகளுமே அவர்களுக்கு எஞ்சியுள்ள வழிகள். இம்மாநாட்டில் இத்துறைக்குத் தனி அமர்வு வகுத்திருப்பது எனக்கு மிகுந்த ஆனந்தத்தைத் தருகிறது.

ஒரே ஒரு யோசனையைச் சபையின் முன் வைக்கிறேன். பெரும் திட்டங்கள் வேண்டா. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, வீட்டார் இசைந்த வீடுகளில் இன்றைய பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். வில்லங்கச் சான்று, 1860-களில் தொடங்கிய பத்திரப் பதிவேடு, பாகப்பிரிவினை, உயில், வழக்குத் தீர்ப்பு, இனாம் பதிவேடு, கல்வெட்டு என்று தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். சான்று அறுந்த இடத்தில் நின்று, அறுந்தது என்று எழுதுங்கள். உரிமையியல் வழக்குகளின் பழைய கட்டுகள் காலவரையறைப்படி கழிக்கப்படுகின்றனவாதலால், கழிக்குமுன் அவற்றின் வமிசவிருட்சப் பக்கங்களையேனும் படமெடுத்து வைக்க அனுமதி வேண்டும் என்ற விண்ணப்பத்தை நாளை மாலைக்குள் நாம் அனைவரும் கையொப்பமிட்டு உரியவர்களிடம் சமர்ப்பிப்போம். அவ்விண்ணப்பத்தின் நகல் வாயிலருகே மேசைமீது இருக்கிறது. இனி, இனாம் பதிவேடுகளைப் பற்றிய முதற் கட்டுரையைப் படிக்குமாறு அதன் ஆசிரியரை அழைக்கிறேன்.