கணக்குக்கு இரண்டு இடம்



பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் இருக்கிறது சந்தாபுரா. அங்கே ஒரு மகளிர் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழுவில் 15 பேர். சிலர் பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். சிலர் வீட்டு வேலை செய்கிறார்கள். வாரம்தோறும் பணம் சேமிக்கிறார்கள். யார் எவ்வளவு கட்டினார்? யாருக்கு எவ்வளவு கடன்? எல்லாக் கணக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது.

ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது.

"எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம்" என்றார் ஒருவர்.

"அப்போ நம்ம கணக்கு எங்கே போகும்?" என்று கேட்டார் வயதில் மூத்த அம்மா.

நல்ல கேள்வி. கணக்கு இருப்பது ஹார்டு டிஸ்கில். அது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் சிறிய டப்பா. உள்ளே வட்டத் தகடுகள் வேகமாகச் சுற்றும். எழுதியது அதில் காந்தப் பதிவாக நிற்கும். உலகின் முதல் ஹார்டு டிஸ்க் இயந்திரம் 1956-இல் வந்தது. ஐபிஎம் நிறுவனம் செய்தது. அதில் 50 பெரிய தகடுகள் இருந்தன. எடை சுமார் ஒரு டன். ஆனால் இன்றைய செல்போன் படங்கள் ஒன்றிரண்டுதான் அதில் அடங்கும்!

இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியதில்லை. பல பழைய பெட்டிகளில் இரண்டாவது டிஸ்க் வைக்க இடம் உண்டு.

முதலில், முக்கியமான கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்க வேண்டும். பெட்டியின் பக்க மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட வேண்டும். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் நுட்பமான பாகங்கள் கெட்டுப்போகலாம்.

டிஸ்குக்கு இரண்டு கேபிள் வேண்டும். ஒன்று கரண்டுக்கு. மற்றொன்று தகவலுக்கு. மிகப் பழைய கம்ப்யூட்டரில் தகவல் கேபிள் பட்டையாக, அகலமாக இருக்கும். ஒரே பட்டையில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். எது முதல், எது இரண்டாவது என்று டிஸ்கின் பின்புறமுள்ள ஜம்பர் என்ற சிறு துண்டால் காட்ட வேண்டும். 2003-க்குப் பிறகு வந்த பலவற்றில் சாட்டா என்ற மெல்லிய கேபிள் இருக்கும். டிஸ்குக்கு ஒரு கேபிள். ஜம்பர் வைக்க வேண்டாம். ஆகவே, எந்த வகை என்று பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

புது டிஸ்கை ஸ்க்ரூ போட்டு ஆடாமல் பொருத்த வேண்டும். கேபிள்களை மாட்டி, மூடியைப் போட்டுக் கம்ப்யூட்டரை இயக்கலாம். அடுத்து, புது டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. தவறிப்போய்ப் பழைய டிஸ்கைத் தேர்ந்தெடுத்தால் 15 பேரின் கணக்கும் அழிந்துவிடும்! டிஸ்கின் அளவைப் பார்த்து, இது புதுசுதானா என்று இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. எந்த டிஸ்கும் என்றாவது ஒருநாள் நின்றுபோகும். கணக்கைப் புது டிஸ்குக்கு மாற்றிவிட்டுப் பழையதில் அழித்தால், மறுபடியும் ஒரே இடத்தில்தான் கணக்கு இருக்கும். இரண்டிலும் இருக்க வேண்டும். இடியோ திருடனோ வந்தால் பெட்டியோடு இரண்டும் போகும். அதனால் பென் டிரைவில் உள்ள பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். வாரக் கூட்டம் முடிந்ததும் எல்லாப் பிரதிகளிலும் புதுக் கணக்கை ஏற்ற வேண்டும்.

ஆனேக்கல் பக்கம் ராகி விளைகிறது. விதை ராகி முழுவதையும் ஒரே பானையில் வைத்து, அதில் பூச்சி விழுந்தால் அடுத்த விதைப்புக்கு என்ன செய்வது? அந்த மூத்த அம்மா கேட்டதும் இதே கேள்விதான்.

கணக்கு பத்திரமாக இருந்தால் குழுவில் சண்டை இருக்காது.