நெஞ்சிற் பாய்ந்த கத்தி

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்துருவம்)



மார்பிற் குத்துண்டு கிடப்பவனைக் கண்டால், "நெஞ்சிலே பட்டுவிட்டது, இனி என்ன செய்வது?" என்று கையை விரிப்பது நம்மவர் வழக்கம். படியாதவர் மாத்திரம் அப்படி நினைத்தனர் என்று எண்ணவேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையும் ஐரோப்பாவின் பெருஞ் சத்திரவைத்தியர்களே இதயத்தைத் தொடலாகாத உறுப்பென்று கருதியிருந்தார்கள்.

இதயத்திலே துளை விழுந்தவன் அவ்விடத்திலேயே இறந்துவிடாமல் வைத்தியசாலை வரையும் உயிரோடு வந்து சேருவதெப்படி என்று நீங்கள் கேட்கலாம். இதயத்தைச் சுற்றி ஓர் உறுதியான பை உண்டு. அதனை இதயவுறை என்பர். அதற்குள்ளே வழக்கமாக 15 முதல் 50 மில்லிலீற்றர் வரையான திரவமே இருக்கும். கத்தி துளைத்ததும் இதயத்திலிருந்து குருதி அப்பைக்குள் வடிகின்றது. பையிலுள்ள கிழிசல் சிறிதாயின் குருதி அங்கேயே தேங்கி, மேலும் பெருகாதவாறு சிறிது நேரம் தடுக்கின்றது. அந்தச் சிறிது நேரந்தான் நோயாளிக்குக் கிடைத்த தவணை. ஆனால் அப்பை விரைவாக விரிந்து கொடுக்காது. ஒரு தேநீர்க் கோப்பையளவு, அதாவது 150 அல்லது 200 மில்லிலீற்றர் குருதி திடீரெனச் சேர்ந்தாற் போதும். இதயம் விரிந்து நிரம்ப இடமின்றித் திணறும். பெருக்கைத் தடுத்த பையே இப்பொழுது இதயத்தை நெரிக்கின்றது.

இதனைக் கண்டறிவதற்கு 1935 இல் குளோட் பெக் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியர் மூன்று குறிகளைக் கூறினார். குருதியமுக்கம் தாழும்; கழுத்து நாளங்கள் புடைக்கும்; இதய ஒலி மங்கும். மாணவர்கள் இதனை மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். நோயாளியிடமோ மூன்றும் ஒருங்கே தோன்றுவது அருமை. குருதி மிக இழந்தவனுக்குக் கழுத்து நாளம் புடைக்காது. கூச்சலும் ஓட்டமுமான விபத்துப் பிரிவிலே மங்கிய ஒலியை யார் கேட்டறிவது? ஆதலால் இன்று கழியொலிக் கருவியை, ஸ்கான் என்று நீங்கள் சொல்வதை, நோயாளியின் மார்பின் மேல் வைத்து, இதயவுறைக்குள் குருதி உண்டா என்று ஓரிரு நிமிடத்திற் பார்த்துவிடுகிறார்கள். அதுவும் சில வேளை ஏமாற்றும். பை கிழிந்து குருதி இடப்புற நெஞ்சறைக்குள் வடிந்துவிட்டால் பை வெறுமையாகத் தோன்றும். எனவே காயம் எவ்விடத்தில் இருக்கிறதென்பதையே வைத்தியர் முதலில் நோக்குவார். முலைக்காம்புகளுக்கிடையே, கழுத்தடிக்கும் மேல்வயிற்றுக்கும் நடுவே காயம் இருந்தால், நோயாளி எழுந்திருந்து பேசினாலும் இதயக் காயமென்றே ஐயுறவேண்டும்.

இவ்விடத்தில் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தி மார்பிலே தைத்து நின்றால் இரக்கப்பட்டு அதைப் பிடுங்கிவிடாதீர்கள். துளையை அடைத்திருப்பது அக்கத்தியாகவும் இருக்கலாம். அசையாமற் பார்த்துக்கொண்டு 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். தண்ணீர் பருக்கவும் வேண்டாம்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். 1896 செப்ரெம்பர் 7 ஆம் திகதி இரவு, ஜேர்மனியில் பிராங்போட் நகரத்திலே 22 வயதான தோட்டத் தொழிலாளி ஒருவன் குத்துண்டான். லூட்விக் றேன் என்னும் சத்திரவைத்தியர் அவ்வேளை ஊரில் இல்லை. 9 ஆம் திகதி அவர் வந்து பார்த்தபோது அவன் இறக்குந் தறுவாயில் இருந்தான். தொட்டு இறந்தால் பழி தம்மேல் வரும். தொடாவிட்டால் இறப்பது நிச்சயம். றேன் மார்பைத் திறந்தார். வலது இதயவறையிலே ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளமான காயம். விரலால் அழுத்தியதும் குருதி நின்றது. இதயம் துடித்துக்கொண்டிருக்கவே, அது விரியும் நேரம் பார்த்து மூன்று பட்டுத் தையல்கள் இட்டார். அவன் பிழைத்துக்கொண்டான். சிறந்த ஒளிவிளக்குகளோ குருதி வங்கியோ இல்லாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்று செய்வதும் அடிப்படையில் அதுவே. நாடி நின்றுவிடும் நிலையாயின், சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோகவும் காத்திராமல் இடப்புற விலாவெலும்புகளுக்கிடையே மார்பைத் திறப்பர். சற்று அவகாசம் இருப்பின் கூடத்திலே நெஞ்செலும்பை நடுவாகப் பிளப்பர். ஊசியால் உறிஞ்சி எடுத்தாலென்ன என்று சிலர் கேட்பதுண்டு. உறைந்த குருதி ஊசியில் வராது. இதயவுறையைத் திறக்கும்போது அதன் பக்கமாகச் செல்லும், மூச்சுத் தசையை இயக்கும் நரம்பை வெட்டிவிடாமல் அதற்கு முன்புறத்தே நெடுக்காக வெட்டுகிறார்கள். குருதிக்கட்டியை அகற்றியதும் அமுக்கம் குறைந்து நாடி மீளும். காயத்திலிருந்து குருதி பீறிடவும் தொடங்கும். உடனே விரல் காயத்தின்மேல் இருக்கவேண்டும். தசை மென்மையானதாகையால் நூல் அதை அறுத்துவிடாமல், இருபுறமும் சிறு துணித்துண்டுகளை வைத்துத் தைக்கிறார்கள். காயத்துக்கு அருகே இதயத்துக்கே குருதியூட்டும் நாடி ஓடினால், தையலை அந்நாடிக்கு அடியாற் செலுத்தவேண்டும். நாடியைச் சேர்த்துக் கட்டினால் தைத்தும் பயனில்லை.

வெளிக்காயம் ஆறியதும் வேலை முடிந்ததென்று எண்ணிவிடக் கூடாது. கத்தி உள்ளே அறைகளுக்கிடையேயுள்ள சுவரையோ வால்வையோ துளைத்திருந்தால் அது சில நாட்கள் கழித்தே வெளிப்படலாம். அதனால் வீடு செல்லுமுன் இதயத்தை மறுபடியும் ஸ்கான் செய்கிறார்கள்; வீடு சென்றவன் படியேறும்போது இளைத்தால் திரும்பவும் வரும்படி சொல்லி அனுப்புகிறார்கள்.